விறகுச் சுமை எப்போது குற்றமானது? விமர்சனக் குற்றவியலைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கோத்தகிரி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்தைச் சேர்ந்தவள். அஞ்சல் வழியில் குற்றவியல் முதுகலை படித்துக்கொண்டே, நான்கு ஆண்டுகளாகச் சட்ட உதவித் தன்னார்வலராகச் சுற்றுவட்ட ஊர்களுக்குச் சென்று வருகிறேன். இந்தப் பருவத்தில் 'விமர்சனக் குற்றவியல்' என்றொரு தாள் இருக்கிறது. பாடத்தைப் பலமுறை படித்துவிட்டேன். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை.

பழைய குற்றவியல் "இவன் ஏன் இதைச் செய்தான்?" என்று கேட்டு மண்டையோட்டை அளந்தது, மனத்தை ஆராய்ந்தது, குடும்பத்தை விசாரித்தது என்றும், விமர்சனக் குற்றவியலோ "இச்செயலைக் குற்றமென்று அறிவித்தவர் யார், எப்போது அறிவித்தார், அதனால் யாருக்கு நன்மை?" என்று கேட்கிறது என்றும் பாடம் சொல்கிறது. இதுவரை தெளிவு. ஆனால் குற்றம் என்பது சட்டம் சூட்டிய பெயர்தான் என்றால், பொருளைப் பறிகொடுத்தவரின் இழப்பும் அடிபட்டவளின் வலியும் எங்கே போகின்றன என்ற இடத்தில் தடுமாறி நிற்கிறேன்.

இதைக் கேட்கத் தூண்டிய நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஓர் இருளர் ஊரில், எழுபது வயதை நெருங்கும் பாட்டி ஒருவர், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஆறு ரசீதுகளை எடுத்து என் மடியில் வைத்தார். கார்பன் தாளின் ஊதா எழுத்து மங்கிப்போயிருந்தது. ஆறிலும் காரணம் ஒன்றே: காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்து விறகு எடுத்தது. எடுத்தது காய்ந்து விழுந்த சீகை விறகு, தலைச்சுமையாக ஒரு கட்டு. "இது கேஸா, கட்டணமா, ஒண்ணும் தெரியல கண்ணு. தொலைச்சுட்டா மறுபடி கேப்பாங்களோன்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். ஆறு முறை பணம் கட்டிய அவர், ஒரு முறைகூட நீதிமன்றப் படி ஏறியதில்லை.

அந்த ஊரிலிருந்து இறங்கும் வழியில், மலைச்சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டித் தங்கும் விடுதி ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே ஓடும் நீரோடை இந்த மழையில் செஞ்சேறாக ஓடியது. அதைப் பற்றி விசாரித்தால், கோப்பு நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பாட்டிக்கு ரசீது, விடுதிக்குக் கோப்பு. இந்த வேறுபாட்டை விளக்குவதுதான் விமர்சனக் குற்றவியலா? அல்லது நான் என் கோபத்திற்கு ஒரு பெரிய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேனா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கூடலூர் வழக்கறிஞர்

தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக இம்மாவட்டத்து நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்தி வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பது தேர்வுக்கான கேள்வி மட்டுமன்று. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பாட்டியின் மடியிலிருந்த ரசீதுகளைப் போன்ற ஒன்றிலிருந்துதான் இந்தச் சிந்தனையே ஒரு வகையில் பிறந்தது. 1841இல் ஜெர்மனியின் ரைன் பகுதியில், காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாகக் கருதும் சட்ட முன்வரைவு மாகாண அவையில் விவாதிக்கப்பட்டது. மறு ஆண்டில், 24 வயது இதழாசிரியராக இருந்த கார்ல் மார்க்ஸ் அதை எதிர்த்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். மரத்திலிருந்து உதிர்ந்த சுள்ளிக்கும் மரத்துக்கும் உள்ள உறவு, பாம்பு உரித்துப் போட்ட சட்டைக்கும் பாம்புக்கும் உள்ள உறவுதான் என்பது அவருடைய வாதம். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர் கவனித்தார். திருடியதாகச் சொல்லப்படும் விறகுக்கு விலை மதிப்பிடுபவர், காட்டு உரிமையாளரிடம் சம்பளம் வாங்கும் காவலர். தண்டத்தொகை போய்ச் சேர்வதோ அதே உரிமையாளரிடம். நம் மலையில் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் பிடித்து, மதிப்பிட்டு, "இணக்கத் தொகை கட்டினால் வழக்கு இல்லை" என்று முடித்து, பணத்தையும் பெற்றுக்கொள்வதை இதனோடு வைத்துப் பாருங்கள். பாட்டி நீதிமன்றம் ஏறாததன் காரணம் இதுவே. இணக்கத் தொகை சட்டம் அனுமதித்த வழிதான். சிறையிலிருந்தும் வாய்தாவிலிருந்தும் பலரைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால், "நான் எடுத்தது குற்றமே இல்லை" என்று ஒரு நீதிபதியின் முன் சொல்லும் வாய்ப்பு அந்த வழியில் யாருக்கும் கிடைப்பதில்லை.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் வனச் சட்டம் 1882இல் வந்தது. பெயர் மாறி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு குறும்பரும் இருளரும் கொத்துக்காடு வெட்டி ராகியும் சாமையும் விதைத்தார்கள், தேன் எடுத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள். காப்புக்காடு என்று அறிவித்து எல்லைக் கல் நட்ட பிறகு அதே வேலைகள் அத்துமீறலும் திருட்டும் ஆயின. செய்த செயல் அப்படியே இருக்க, ஓர் அரசிதழ் அறிவிப்பு அதன் பெயரை மாற்றிவிட்டது. இதை நானோ நீங்களோ மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே, வனவாழ் மக்களுக்கு 'வரலாற்று அநீதி' இழைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. அச்சட்டம் சிறு வனப்பொருள் என்று வரையறுப்பதில் சுள்ளியும் அடிக்கட்டையும் அடங்கும். அவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. நம் மாநிலத்தில் நீதிமன்ற இடைக்கால உத்தரவொன்றின் காரணமாக உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டு நின்றதால், சட்டம் வந்த பிறகும் ரசீதுகள் தொடர்ந்தன.

ஒரு செயலுக்குப் பெயர் மாறுவது ஒரு வகை. ஒரு மக்கள் கூட்டத்துக்கே அந்தப் பெயரை ஒட்டிவிடுவது அதைவிடக் கொடிது. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. கைரேகை வைக்க மறுத்ததற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று பிரமலைக் கள்ளர் மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை மதுரைப் பக்கத்து மக்கள் இன்றும் மறக்கவில்லை. இரவில் ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. பிறக்கும் குழந்தையையே குற்றவாளி என்று கருதிய அச்சட்டம் நம் மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால் 'வழக்கமான குற்றவாளி' என்ற புதிய பெயரில் பழைய கண்ணோட்டம் தொடர்ந்தது. சிறை விதி நூல்களில் சாதி அடிப்படையில் வேலை பிரித்த விதிகளையும், முன்பு அச்சட்டத்தின் பட்டியலில் இருந்த சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டிய சொற்களையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபர் 3 அன்றுதான். பிறழ்வு என்பது செயலில் ஒட்டியிருக்கும் குணமன்று, பிறர் அதன்மீது விதியைப் பொருத்துவதன் விளைவு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதியதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம்மூரில் அது ஏட்டுக் கோட்பாடாக இருந்ததில்லை. காவல் நிலையப் பதிவேடாக இருந்தது.

பாடநூலில் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தொழிலில் தினமும் கண்ணெதிரே நிற்பது இது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜென்ம நிலங்களை, அதாவது ஜென்மி எனப்பட்ட பெருநிலவுடைமையாளரின் நில முறையை, ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவின்கீழ் வரும் நிலங்கள் இன்றுவரை முடிவு காணாமல் இருப்பதால், இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் பட்டா இல்லை. நிலத் தகராறுக்கும் குற்ற வழக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கைதானவருக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கிறது; இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும், சொத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. அவருடைய தெருவில் ஒருவரிடமும் வரி ரசீது இல்லை. அக்காள் வயநாட்டில் வாழ்க்கைப்பட்டு ஐந்து சென்ட் நிலத்தோடு இருக்கிறார், ஆனால் அது பிற மாநிலம். ஜாமீன் கிடைத்த பிறகும் நாற்பத்தொரு நாள் கிளைச் சிறையிலேயே இருந்த ஒரு பணியர் பழங்குடி இளைஞனுக்காக நான் வாதாடியிருக்கிறேன். மனைவி ஒவ்வொரு செவ்வாயும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, நீதிமன்ற வராந்தாவில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். கேட்ட ஒரே கேள்வி, "ஜாமீன் கெடச்சிருச்சுன்னு சொன்னீங்களே சார்?" என்பதுதான்.

வேறு மாவட்டத்துச் சொத்து என்பதால் ஒரு கொத்தனாரின் சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்ததை, 1978இலேயே மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாமென உச்ச நீதிமன்றம் 31.01.2023 அன்று மறுபடியும் சொன்னது. 2022 இறுதிக் கணக்கின்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். இவர்களில் எத்தனை பேர் குற்றத்தின் கடுமையால் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒரு காகிதம் இல்லாததால் இருக்கிறார்கள் என்று கேட்பதுதான், நான் புரிந்துகொண்ட விமர்சனக் குற்றவியல். அந்த இளைஞன் தவறே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை; அவன் செய்த தவறுக்கு நாற்பத்தொரு நாள் தண்டனையை யாரும் விதிக்கவுமில்லை. உங்கள் கோபத்துக்குப் பெயர் தேடுவதில் தவறில்லை, தங்கை. கோபத்தோடு ரசீதையும் வரி ரசீதையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வனச்சரகர், குன்னூர்

வழக்கறிஞர் ஐயா எழுதியதில் வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காக்கி உடுத்தி முப்பத்துமூன்று ஆண்டுகள் இதே காடுகளில் நடந்தவன் என்ற முறையில், மறுபக்கத்தையும் பதிவு செய்வது என் கடமை.

பணியின் தொடக்கக் காலத்தில், தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கில் ஒரு பெண் சிறுத்தை மாட்டிக்கொண்டது. பழைய ஸ்கூட்டரின் கிளட்ச் கம்பி இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. அது எத்தனை மணி நேரம் போராடியது என்பதைச் சுற்றிலும் பெயர்ந்து கிடந்த செடிகளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டது. இரைக்குள் வைத்த நாட்டுவெடியான அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானைக் கன்றையும் நான் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் சட்டம் சூட்டிய பெயர்கள் மட்டும்தானா? சுருக்கு வைத்தவரும் ஏழைதான். இரவில் அந்தப் பாதையில் நடந்து அதே கம்பியில் கால் சிக்கி விழுந்த வேட்டைத் தடுப்புக் காவலரும் ஏழைதான். அவர் தினக்கூலிக்கு வேலை செய்யும் குறும்பர் இளைஞர். குற்றத்தின் பாரம் பெரும்பாலும் ஏழையின் தலையில்தான் விழுகிறது என்பதை உங்கள் விமர்சனக் குற்றவியல் பேசுகிறதா என்று அறிய விரும்புகிறேன்.

அதே நேரம், மாணவியின் கேள்விக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் சரகத்தில் எத்தனை வழக்கு என்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ரோந்து குறைந்துவிட்டது என்று பொருள் கொள்வார்கள். சுருக்கு வைப்பவரைப் பிடிக்கப் பத்து இரவு பள்ளத்தில் உட்கார வேண்டும். விறகுச் சுமையோடு வருபவரைப் பிடிக்க ஊருக்குப் போகும் பாதையில் காலை பதினொரு மணிக்கு நின்றால் போதும். ஆகவே எங்கள் பதிவேட்டிலிருந்த எண், காட்டில் நடந்த குற்றங்களின் எண் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. எங்கள் ஆட்கள் எந்தப் பாதையில் நடந்தார்கள் என்பதையே அது காட்டியது. இதைப் பணியில் இருந்தபோது வெளியே சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்ற பழங்குடி ஊருக்குள் நுழைந்தவர்களில் பெரும்பான்மையோர் என் துறையைச் சேர்ந்தவர்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 18 பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. குற்றத்தைத் தடுக்கப் போனவர்களே பெரிய குற்றத்தைச் செய்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எங்களில் பலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அது எனக்கும் பொருந்தும்.

மறுமொழி: கொடைக்கானல் ஆசிரியை

வனச்சரகர் ஐயாவின் கேள்விக்கு இக்கோட்பாட்டின் வரலாற்றுக்குள்ளேயே விடை இருக்கிறது. புதிய குற்றவியலை முன்வைத்து 1973இல் பிரிட்டனில் மூவர் சேர்ந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஜாக் யங். அதே ஜாக் யங் 1984இல் ஜான் லீயுடன் சேர்ந்து, தெருக்குற்றத்தால் நசுங்குபவர்களும் உழைக்கும் மக்கள்தான், அதை இடதுசாரிகள் அலட்சியப்படுத்தக் கூடாது என்று தம் தரப்பைத் திருத்திக்கொண்டார். 'இடது யதார்த்தவாதம்' என்று பாடத்தில் வருவது இதுதான். ஆகவே ஐயாவின் மறுப்பு கோட்பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

நான் பேச விரும்புவது மாணவி சொன்ன விடுதியைப் பற்றி, அதாவது குற்றம் என்ற பெயரே பெறாமல் போகும் தீங்கைப் பற்றி. பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், "குற்றம் என்றதும் நினைவுக்கு வருவதை எழுதுங்கள்" என்றேன். திருட்டு, கொலை, கஞ்சா, சங்கிலிப் பறிப்பு என்று கரும்பலகை நிறைந்தது. பிறகு, "இந்த ஊரில் நிறைய பேரை நெடுங்காலம் பாதித்த தீங்கு எது என்று வீட்டில் கேட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன். மறுநாள் பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் ஒரே சொல் இருந்தது: பாதரசம். முந்தைய நாள் பலகையில் அந்தச் சொல் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழலியல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்த பிறகே ஆலை மூடப்பட்டது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் கூறி வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு கையெழுத்தானது 2016 மார்ச்சில், அதாவது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்த வரலாற்றில் வரும் சொற்களைக் கவனியுங்கள்: மாசு, கழிவு, இழப்பீடு, தரநிலை, சீரமைப்பு. பாட்டியின் ரசீதில் இருந்த சொற்கள்: அத்துமீறல், குற்றம். அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939இல் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லைக் கொண்டுவந்து, பிறகு அமெரிக்காவின் 70 பெருநிறுவனங்களுக்கு எதிராக வந்த நீதிமன்ற, ஆணைய முடிவுகளை எண்ணிப் பார்த்தபோது 980 கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி குற்ற நீதிமன்றங்களுக்கு வெளியே தீர்க்கப்பட்டவை. குற்றவியலாளர்கள் சிலர் இன்று 'குற்றம்' என்ற சொல்லையே தள்ளி வைத்துவிட்டு, 'சமூகத் தீங்கு' என்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை; குற்றம் என்ற சொல்லின் கனத்தை ஏழைகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களுக்குத் தீங்கு என்ற மென்மையான சொல்லைத் தந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஆனால் எண்ணத் தொடங்கும் இடமாக அது சரியானது.

மறுமொழி: பந்தலூர் தோட்டத் தொழிலாளி

நான் கொழுந்து பறிப்பவள். தொழிற்சங்க மகளிர் குழுவிலும் இருக்கிறேன். எல்லோரும் அரசையும் நிறுவனத்தையும் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். மாணவி கேட்ட அடிபட்டவளின் வலிக்கு இன்னும் விடை வரவில்லை.

எங்கள் லைன் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் மணிக்கட்டு உடையும் சத்தம்கூட இங்கே கேட்கும். அப்படி ஒரு பெண்ணுக்கு உடைந்தபோது விடியற்காலையில் மேஸ்திரியும் சங்கத்துப் பெரியவர்களும் கூடி, கணவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி, வெள்ளைத்தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கை கூடும்வரை ஆறு வாரம் கொழுந்து பறிக்க முடியாததால் கூலி இல்லை. கணவனுக்கு ஒரு நாள் கூலிகூடக் குறையவில்லை. போலீசுக்குப் போகாமல் நாமே பேசி முடித்தோம் என்று அன்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து சென்றார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

நார்வே அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல், பூசல்கள் மக்களின் சொத்து, அவற்றை அரசும் வழக்கறிஞர்களும் பறித்துக்கொண்டார்கள் என்று எழுதியதாக ஒரு பயிற்சி முகாமில் சொல்லித் தந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஊரில் பூசல் யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்தால், சாதிப் பெரியவர் கையிலும் ஆண்களின் கையிலும் இருக்கிறது. அரசிடமிருந்து பிடுங்கி அவர்களிடம் கொடுத்தால் அடிபட்டவளுக்கு என்ன மிஞ்சும்? 1973இல் எழுதிய அந்த மூவரும் பெண்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை என்று பிரிட்டன் அறிஞர் கரோல் ஸ்மார்ட் 1976இல் சுட்டிக்காட்டினாராம். காவல் நிலையமும் எங்களுக்குப் பாதுகாப்பான இடமாக இருந்ததில்லை. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், அவள் உடலில் காயமில்லை என்று காரணம் காட்டிப் பின்னர் உச்ச நீதிமன்றமே காவலர்களை விடுவித்தது. நான்கு சட்ட ஆசிரியர்கள் எழுதிய திறந்த மடலும் பெண்களின் போராட்டமும் சேர்ந்துதான் 1983இல் சட்டத்தைத் திருத்தின.

ஆகவே போலீஸ் விலக வேண்டும் என்று சொல்வதற்கு முன், எந்த இடத்திலிருந்து என்று சொல்லுங்கள். விறகுப் பாதையிலிருந்து விலகட்டும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் என்றைக்கோ விலகிவிட்டார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமை, இழந்த கூலிக்கு ஈடு எல்லாம் கேட்கலாம். கணவனை உடனே சிறைக்கு அனுப்பினால்தான் ஆகும் என்றில்லை. இந்த வழியை இப்போது குழுவில் சொல்லித் தருகிறோம். அந்தப் பெண்ணுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

மீண்டும்: கோத்தகிரி மாணவி

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பேச்சுவார்த்தையைப் புகழ்ந்து என் கட்டுரையில் எழுதியிருந்த இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டேன். யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாட்டியின் ஊருக்குப் போயிருந்தேன். ஆறு ரசீதுகளையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேதிவாரியாக அடுக்கினோம். எல்லாமே வன உரிமைச் சட்டத்தின் விதிகள் நடைமுறைக்கு வந்த 2008க்குப் பிந்தையவை. ஆறில் நான்கு மார்ச் மாதத்தவை. வனச்சரகர் ஐயா சொன்ன பதிவேட்டுக் கணக்கும் இந்த மார்ச்சும் தொடர்புடையவையா? ஆண்டு முடிவு என்பதாலா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வனச்சரகர், குன்னூர்

ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மார்ச் காட்டுத்தீக் காலமும்கூட, அம்மா. தீத்தடுப்புக் கோடு வெட்டவும் காவலுக்கும் எங்கள் ஆட்கள் ஊர் ஓரத்திலேயே இருப்பார்கள். மழைக்கு முன் விறகு சேர்த்து வைக்கப் பெண்களும் அதே மாதம்தான் அதிகமாகக் காட்டுக்குள் வருவார்கள். இரண்டு காரணங்களையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு வனக்காப்பாளரும் அன்றாடம் எந்தப் பாதையில் ரோந்து சென்றார் என்று நாட்குறிப்பு எழுத வேண்டும். அந்த நான்கு தேதிகளுக்குரிய பக்கங்களையும், அவ்வாண்டில் அதே பகுதியில் சுருக்குக்காகப் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பாட்டியின் பெயரில் கேளுங்கள். மனுவை எப்படி எழுதினால் 'தகவல் இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். வரைவை இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

மறுமொழி: கூடலூர் வழக்கறிஞர்

ரசீதுகளின் இரு பக்கத்தையும் உடனே நகல் எடுத்துவிடுங்கள். கார்பன் எழுத்து இன்னொரு மழைக்காலம் தாங்காது. ஊரின் வன உரிமைக் குழுவில் பாட்டியின் பெயரில் மனு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பது உங்களுக்கே தெரியும்; மனு எழுதப்பட்டதும் நான் கோத்தகிரிக்கு வருகிறேன்.